ஒளவையும் ஔவையும்: நூற்பட்டியல் விதிகளுக்கு ஒரு தொடக்க விளக்கம்

தண்டையார்பேட்டையில் எங்கள் படிப்பகம் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள், பாதிக்கு மேல் யாராவது வீடு மாறும்போது கொண்டுவந்து இறக்கியவை. ஒரு பழைய கணினி, அதில் கோஹா மென்பொருள். போன மாதம் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்து, “தம்பி, ஔவையார் பாட்டு ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். தட்டினேன். எதுவும் கிடைக்கவில்லை என்றது திரை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மூன்றாவது ரேக்கைப் பார்த்தார். “அதோ, நாலு இருக்குதே!”

புத்தகம் ரேக்கில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. இது ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை வேண்டும்.

அதே வாரம், எங்களிடம் சனி ஞாயிறு வந்து உதவும் பெண் (நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பு படிக்கிறாள்) ஒரு பயிற்சி அறிவிப்பைக் காட்டினாள். ஆர்.டி.ஏ., மார்க் 21, டியூயி, கோஹா என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். “அண்ணா, மார்க்னா எக்ஸாம் மார்க்கா? இதுல எதைக் கத்துக்கிட்டா மத்தது தானா வந்துடும்?” என்றாள். எதுவும் தானாக வராது. இவை நான்கும் நான்கு வேறு சமாச்சாரங்கள். புதிதாக வருபவர்கள் குழம்புவதே இவற்றை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால்தான்.

வங்கிச் செலானை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரை எப்படி எழுத வேண்டும், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது ஒரு விதி. அதை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்பது படிவம். நூலகத்தில் விதிக்குப் பெயர் ஆர்.டி.ஏ., கட்டம் போட்ட படிவத்துக்குப் பெயர் மார்க் 21. புத்தகத்தை எந்த ரேக்கில் வைப்பது என்று சொல்லும் எண் டியூயி. இவற்றையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டால் எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் கோஹா. ஒரு பயிற்சி அறிவிப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, இந்த நான்கில் எதைப் பற்றியது என்பதுதான். நான்கும் வெவ்வேறு இடத்திலிருந்து, வெவ்வேறு வேகத்தில் மாறுகின்றன.

முதலில் விதி. 1978 முதல் பல காலம் கோலோச்சியது ஆங்கிலோ அமெரிக்க விதித்தொகுப்பின் இரண்டாம் பதிப்பு. இழுப்பறைக்குள் கம்பி கோத்த பட்டியல் அட்டை ஓடிய காலத்தில் எழுதப்பட்டது அது. அட்டையின் அளவு ஏழரைக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இடம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் சுருக்கினார்கள். மூன்று பேருக்கு மேல் சேர்ந்து எழுதிய புத்தகமா, முதல் ஆள் பெயர் மட்டும் போட்டு ‘மற்றும் பிறர்’ என்று முடித்துவிடலாம். நாலாவது ஆசிரியர் என்ன பாவம் செய்தார் என்று நான் அடிக்கடி நினைத்ததுண்டு.

2010இல் வெளியான ஆர்.டி.ஏ. இதை மாற்றியது. கணினியில் இடப் பஞ்சம் இல்லை, எல்லாப் பெயரையும் போடலாம். சுருக்கங்களை விட்டுவிட்டு முழுச் சொல்லாக எழுதலாம். புத்தகத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே எடுத்தெழுது என்பது இதன் அடிநாதம். தலைப்புப் பக்கத்தில் எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடு எழுதி, சரியான வடிவத்தை வேறு தலைப்பாகத் தனியே சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013 மார்ச் 31இல் இதற்கு மாறியது. பிறகு 2020 டிசம்பரில் ஆர்.டி.ஏ.வின் இணையக் கையேட்டையே அடியோடு திருத்தி அமைத்தார்கள். புது வடிவம் படிக்கச் சிரமம் என்பது என் எண்ணம். பல நூலகங்கள் இன்னும் பழைய வடிவத்தை வைத்தே ஓட்டுகின்றன. தொடக்கத்தில் நீங்களும் அதையே படித்தால் போதும்.

ஆனால் ஆர்.டி.ஏ.வுக்குப் பின்னால் உள்ள கருத்து அழகானது. திருக்குறள் என்று வள்ளுவர் ஆக்கினாரே, அது படைப்பு. 1886இல் ஜி.யு. போப் அதை ஆங்கிலத்தில் தந்தாரே, அது அந்தப் படைப்பின் ஒரு வெளிப்பாடு. அந்த மொழிபெயர்ப்பை ஒரு பதிப்பகம் குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட அளவில் அச்சடித்தால் அது பதிப்பு. எங்கள் ரேக்கில், அட்டை கிழிந்து, உள்ளே யாரோ ஒரு பையன் பால்பாயின்ட்டில் விஜய் படம் வரைந்து வைத்திருக்கும் புத்தகம், அந்தப் பதிப்பின் ஒரு படி. ‘எனக்குத் திருக்குறள் வேணும்’ என்று கேட்பவர் இந்த நான்கில் எதைக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் அவர் கேட்பது ‘அந்தச் சின்ன சைஸ், மு.வ. உரை’ என்பதைத்தான்.

இப்போது படிவம். மார்க் என்றால் கணினி படிக்கும்படியான பட்டியல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1960களில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இதை உருவாக்கியவர் ஹென்ரியட் அவ்ரம். அவர் நூலகத் துறையிலிருந்து வந்தவர் இல்லை, கணினி நிரல் எழுதியவர். புத்தகத்தைப் பற்றிய ஒவ்வொரு விவரத்துக்கும் மூன்று இலக்க எண் கொடுத்தார்கள், அதை டேக் என்போம். புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். 020இல் போகும். ஆசிரியர் 100, தலைப்பு 245, பக்க எண்ணிக்கையும் அளவும் 300, பொருள் 650, டியூயி எண் 082. இந்த அரை டஜன் மனப்பாடம் ஆகிவிட்டால் மற்றவற்றைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். இதன் முழு விளக்கமும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

மார்க்கில் மாற்றம் வந்தால் பெரும்பாலும் ஒரு டேக் புதிதாகச் சேரும், பழையது இருந்தபடியே இருக்கும். வெளியீட்டு விவரம் முன்பு 260இல் போனது. ஆர்.டி.ஏ. வந்தபின் 264 என்று ஒன்று வந்தது, வெளியிட்டவர் யார், அச்சிட்டவர் யார் என்று பிரித்துக் காட்ட. உடனே மூவாயிரம் பதிவையும் திருத்த வேண்டுமா என்று பதறாதீர்கள். 260 அங்கேயே இருக்கலாம், கோஹா இரண்டையும் காட்டும். புதிதாக வரும் புத்தகத்துக்கு 264 போடுங்கள், அவ்வளவுதான். மார்க்குக்குப் பதிலாக பிப்ஃப்ரேம் என்ற ஒன்றைப் பல ஆண்டுகளாக வளர்த்துவருகிறார்கள். அது நம் தெருவுக்கு வர நாள் இருக்கிறது.

வெளியீட்டு விவரம் என்றதும் தமிழ்ப் புத்தகத்துக்கே உரிய ஒரு தலைவலி. பழைய புத்தகத்தைத் திறந்தால் ‘பிரபவ வருஷம் தை மாதம்’ என்று போட்டிருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1928 ஜனவரியா, 1988 ஜனவரியா? இங்கே துப்பறியும் வேலைதான். விலை அணாவில் இருந்தால் 1957க்கு முன்னால் என்று ஊகிக்கலாம், அந்த ஆண்டில்தான் நயா பைசா வந்தது. ‘லை’, ‘னை’ எழுத்துக்களின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி கொம்பு இருந்தால் பெரும்பாலும் 1978க்கு முந்தியது, தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிட்ட ஆண்டு அது. திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை, 31 கழித்தால் ஆங்கில ஆண்டு. நாம் ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும், ‘இது புத்தகத்தில் இல்லை, நாங்கள் சொல்வது’ என்பதற்கு அடையாளம். எங்கள் உதவியாளப் பெண் இந்த ஒரு வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

டியூயி எண்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 1876இல் மெல்வில் டியூயி தொடங்கியது. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, அதையும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது. 8 என்று தொடங்கினால் இலக்கியம், 4 என்றால் மொழி. தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811. வால் ஒன்றுதான், தலை மாறுகிறது. 894.811உடன் 1 சேர்த்தால் கவிதை, 3 சேர்த்தால் புனைகதை. ஆங்கில இலக்கியத்துக்கு மூன்றே இலக்கம், 820. நமக்கு ஆறு, கதையென்றால் ஏழு. மெலிந்த கவிதைத் தொகுப்பின் முதுகில் லேபிள் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வருத்தம் புரியும். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர். ரங்கநாதன், லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, இப்படிக் கோத்துக் கோத்து எண் கட்டலாமே என்று யோசித்து 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். அறிவில் அது டியூயியை விட ஒரு படி மேல் என்பேன். ஆனாலும் நாங்கள் டியூயிதான் பயன்படுத்துகிறோம். ஊரெல்லாம் அதில் இருக்கும்போது, அடுத்தவர் போட்ட எண்ணை எடுத்துக்கொள்வது சுலபம்.

டியூயியின் 23ஆம் பதிப்பு 2011இல் அச்சில் வந்தது. அதன் பிறகான திருத்தங்கள் பெரும்பாலும் இணையத்தில்தான், அதுவும் சந்தா கட்டினால். சின்னப் படிப்பகத்துக்குக் கட்டுப்படியாகாது. முன்பு ஐ.எஸ்.பி.என். கொடுத்தால் டியூயி எண் சொல்லும் இலவசச் சேவை ஒன்று இருந்தது, 2024 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். இப்போது நாங்கள் செய்வது, பெரிய நூலகங்களின் இணையப் பட்டியலில் அதே புத்தகத்தைத் தேடி 082இல் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. கோஹாவுக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது. இஸட் 39.50 என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், ஒரு நூலகக் கணினி இன்னொன்றிடம் ‘இந்தப் புத்தகம் உங்ககிட்ட இருக்கா, விவரம் குடுங்க’ என்று கேட்கும் முறை அது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1962 முதலே டெல்லியில் அலுவலகம் வைத்து இந்தியப் புத்தகங்களைச் சேகரித்துவருவதால், நம்மிடம் உள்ள பல தமிழ்ப் புத்தகங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. ஒரே சங்கடம், அந்தப் பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும், ழகரத்துக்குக் கீழே கோடு போட்ட எல் என்று. அப்படியே இறக்கிக்கொண்டால் நம் வாசகர் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணையும் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, தலைப்பையும் ஆசிரியரையும் தமிழில் தட்டிவிட வேண்டும். ரோமன் வடிவத்தையும் வைத்துக்கொள்ள ஆசை என்றால், இரண்டையும் 880 என்ற டேக் இணைக்கும்.

இனி, நான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கும் ஒன்று. ரேஷன் கார்டில் ‘முனியம்மாள்’, ஆதாரில் ‘முனியம்மா’, வங்கியில் ‘எம். முனியம்மாள்’ என்று இருந்தால் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்று எங்கள் பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புத்தகப் பட்டியலிலும் அதே கதை. சொ. விருத்தாசலம் என்று ஒருவர் தேடுவார், புதுமைப்பித்தன் என்று இன்னொருவர் தேடுவார். கல்கி என்று போட்டால் ஆசிரியரும் வரும், வார இதழும் வரும். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிலையான பெயரைத் தேர்ந்தெடுத்து, மற்றப் பெயர்களெல்லாம் அதற்கு வழிகாட்டும்படி தனிக் கோப்பு வைப்பார்கள். அதிகாரப் பதிவு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும், நாங்கள் அத்தாரிட்டி என்றே சொல்கிறோம். உலக நூலகங்களின் பெயர்க் கோப்புகளை இணைத்துக் காட்டும் வியாஃப் என்ற தளம் இலவசம். தமிழ் எழுத்தாளர்கள் பலரும் அதில் இருக்கிறார்கள்.

ஊர்ப் பெயருக்கும் பொருளுக்கும் இது இன்னும் அவசியம். ராயபுரமா, இராயபுரமா? வண்ணாரப்பேட்டை, வண்ணை, வாஷர்மேன்பேட் மூன்றும் ஒரே இடம். 1921 வேலைநிறுத்தம் பற்றிப் படிக்க வரும் கல்லூரி மாணவர், பின்னி மில் என்று தேடுவார். புத்தகத்தில் ‘பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை’ என்று இருக்கும். பெரம்பூர் பெரியவர் ‘பி அண்டு சி’ என்பார். யாரும் தவறில்லை, மூன்று பேரையும் ஒரே ரேக்குக்குக் கொண்டுவருவது நம் பொறுப்பு. இப்படிப்பட்ட வடசென்னைப் பெயர்களுக்கு வெளிநாட்டுப் பட்டியலில் தயார் விடை கிடைக்காது. நாமே ஒரு நோட்டில் எழுதி வைத்து, எழுதியதை மாற்றாமல் இருக்க வேண்டும். எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, படிப்பகத்திலேயே விலை மதிக்க முடியாத பொருள் அதுதான்.

பொருள் தலைப்புகளும் காலத்துக்கேற்ப மாறும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சமையல் நூல்களுக்கு ‘குக்கரி’ என்று வைத்திருந்த தலைப்பை 2010இல் ‘குக்கிங்’ என்று மாற்றியது. இப்படி ஒரு மாற்றம் வரும்போது அத்தாரிட்டி வைத்திருப்பவர், ஒரே இடத்தில் திருத்தினால் போதும். வைக்காதவர் ஒவ்வொரு பதிவாகத் தேடி அலைய வேண்டும்.

கோஹாவுக்கு வருவோம். 1999இல் நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக எழுதப்பட்டது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு, பெயருக்கேற்றபடி இலவசம். ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்பு, மே மாதமும் நவம்பர் மாதமும் வரும். பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும். 23.11 என்றால் 2023 நவம்பர். வந்த அன்றே ஏற்ற வேண்டாம். ஒரு சில மாதம் பொறுங்கள், முதலில் ஏற்றியவர்கள் கண்ட கோளாறுகள் சரியாகிவிடும். தரவு முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். தமிழ் நூலகம் என்றால் நிறுவும்போதே ‘ஐ.சி.யு. முறையில் அட்டவணை வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஐ.சி.யு. இல்லை, யூனிகோடு எழுத்துக்களைச் சரியாகக் கையாளும் ஒரு நிரல் தொகுப்பு. அது இல்லையென்றால் தமிழ்த் தேடல் தடுமாறும். அகரவரிசையும் சொதப்பலாம். யூனிகோடில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது, நம் அரிச்சுவடியில் அது கடைசி.

பயிற்சி எங்கே என்று கேட்பீர்கள். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் கோஹா பாடங்கள் இலவசம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் பட்டியலிடும் பயிற்சிப் பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் நூலக அறிவியல் பாடங்கள் வருகின்றன. ஆனால் எதையும் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏறாது. வீட்டில் உள்ள பத்துப் புத்தகத்தை எடுத்து, இணையத்தில் உள்ள மாதிரி கோஹாவில் பதிந்து பாருங்கள். பத்தில் ஒன்றாவது பழைய தமிழ்ப் புத்தகமாக இருக்கட்டும். அதில்தான் எல்லா வம்பும் வரும்.

வம்பு என்றதும் ஔவையார். நடந்தது இதுதான். எங்கள் பதிவுகளைத் தட்டியவர் (வேறு யாருமில்லை, நானேதான்) ‘ஔ’ என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தைத் தட்டியிருந்தேன். ஔவையார், ஒளவையார். பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. ஐ.சி.யு.வும் காப்பாற்றாது, அதைப் பொறுத்தவரை இரண்டாவது எழுத்து ‘பள்ளி’ என்ற சொல்லில் வரும் ‘ள’. ‘கௌ’வுக்குப் பதில் ‘கெள’ என்று தட்டுவதும் இதே பிழை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆர்.டி.ஏ.வில் இதற்கு விதி இல்லை, மார்க்கில் டேக் இல்லை.

கண்டுபிடித்த உற்சாகத்தில், மார்க்எடிட் என்ற இலவசக் கருவியில் எல்லாப் பதிவையும் ஏற்றி, ‘ஒள’ வரும் இடமெல்லாம் ‘ஔ’ ஆக்கு, ‘கெள’ வரும் இடமெல்லாம் ‘கௌ’ ஆக்கு என்று ஒரே தட்டு. பத்து நொடியில் முடிந்தது. ஔவையார் வந்துவிட்டார், கௌதமரும் வந்துவிட்டார். மறுநாள் காசிமேட்டிலிருந்து வாடிக்கையாக வரும் அண்ணன் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, கெளுத்தி மீனுக்கு இன்னாப்பா ஆச்சு?” என்றார். மீன் புத்தகத்தின் தலைப்பில் ‘கெளு’ இருந்த இடத்தில் ‘கௌ’வும், அதன் பின்னால் ஒரு புள்ளி வட்டமும் தொங்கும் கொக்கியும் இருந்தன. ‘ஒளி’ என்று தொடங்கிய அறிவியல் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் அதே கதி.

பென் டிரைவ் இருந்ததால் பிழைத்தேன். பழையதை மீட்டு, இந்த முறை ‘ஒளவை’, ‘ஒளடதம்’, ‘கெளதம’, ‘கெளரவ’ என்று முழுச் சொல்லாகக் கொடுத்து மாற்றினோம். நாலு ஔவையாரும் இப்போது தேடலில் வருகிறார்கள். தமிழாசிரியர் ஐயா இரண்டை எடுத்துப் போயிருக்கிறார். அடுத்தது ‘ஸ்ரீ’. அதையும் இரண்டு விதமாகத் தட்ட முடிகிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. எத்தனை பதிவில் எந்த ‘ஸ்ரீ’ இருக்கிறது என்று அந்தப் பெண் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.